பதினேழாம் தகடு

சம்பந்தியம்மாவும் கப்பலில் வேலை செய்ய வருகிறார் என்று மகள் போனில் சொன்னபோது, சீஃப் கொதிகலனின் கதவுக்குள் பாதி உடம்பை நுழைத்துக் கிடந்தார். காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து வெளியே வந்து, முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் கேட்டார்.

"ஆமாப்பா. அத்தை ரிட்டயர் ஆகி ரெண்டு மாசம் ஆச்சு. வீட்ல இருக்கிற எல்லா அலமாரியையும் ரெண்டு தடவை அடுக்கிட்டாங்க. மூணாவது தடவை என் அலமாரிக்கு வர்றதுக்குள்ள நீங்க கூட்டிட்டுப் போயிடுங்க."

"இங்க அவங்களுக்கு என்னம்மா வேலை இருக்கு? எண்ணெயும் அழுக்கும்..."

"உங்க கப்பல் செயலாளர்கிட்ட அவங்களே பேசிட்டாங்க. சனிக்கிழமை வர்றாங்க. நீங்க கொஞ்சம் பார்த்துப் பேசுங்க, அவ்வளவுதான்."

பார்த்துப் பேசுவது சீஃபுக்கு வராத வேலை. முப்பத்தெட்டு வருஷம் கப்பல்களின் இயந்திர அறையில், கடைசியில் சீஃப் எஞ்சினியராக, இரைச்சலுக்கு மேல் கத்தியே பழகியவர். அவர் நலம் விசாரித்தால்கூட எதிரில் இருப்பவர் ஒரு அடி பின்னால் போவார். ஆனால் பெண்ணைக் கொடுத்த இடம். கல்யாணமாகி ஆறு வருஷமாக, சம்பந்தியம்மாவிடம் "வாங்க, உட்காருங்க, சாப்பிட்டீங்களா, நேரமாச்சு" என்ற நாலு வார்த்தையிலேயே காலத்தை ஓட்டியிருந்தார்.

கப்பல் என்றால் பெரிய கப்பல் இல்லை. பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வருகிற நீராவி இழுவைக் கப்பல். வயது எண்பத்து நாலு. சாம்பல் நிறம், குட்டையான உடம்பு, முன்னால் முட்டிக்கொண்டு நிற்கிற நெற்றி. எல்லாரும் அதை யானை என்றுதான் சொன்னார்கள். பழைய இரும்புக்குப் போகவிருந்ததைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சிலர் கேட்டு வாங்கி, பழைய துறையில் கட்டிப்போட்டு, சுரண்டி, பெயின்ட் அடித்து, இயந்திரத்தை ஓட வைத்தார்கள். இப்போது முப்பது தன்னார்வலர்கள். சனி ஞாயிறுகளில் பார்வையாளர்கள் ஏறிப் பார்க்கலாம். கோடையில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் அடுப்பு மூட்டி, அறுபது பேரை ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் துறைமுகத்தைச் சுற்றி வரும். இயந்திரப் பொறுப்பு முழுக்க சீஃபுடையது. சுக்கான் பிடிப்பவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு டிரைவர் என்றே பெயர்.

அந்த வருஷம், கப்பலுக்கு அனுமதி தருகிற ஆய்வாளர் புதிதாக ஒன்று கேட்டிருந்தார். கப்பலின் அடிப்பாகத்தில் இருக்கிற ஒவ்வொரு தகட்டின் கனத்தையும் அளந்து, அட்டவணை போட்டுத் தர வேண்டும். கட்டும்போது தகடு ஒன்பது மில்லிமீட்டர். ஆறரைக்குக் கீழே போயிருந்தால் மாற்றியாக வேண்டும். அளக்க ஒரு சின்னக் கருவியை இரவல் வாங்கி வந்திருந்தார்கள். தகட்டைச் சுரண்டி, ஜெல் தடவி, பொத்தான் போன்ற முனையை அழுத்தினால் திரையில் எண் வரும் என்றார்கள். இவர்கள் அழுத்தினால் ஒரே இடத்தில் ஏழு வந்தது, பதினாலு வந்தது, ஒரு தடவை முப்பத்திரண்டும் வந்தது.

சனிக்கிழமை வந்த சம்பந்தியம்மா அதைப் பார்த்துவிட்டு, "அட, இதுதானா" என்றார். ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் ஸ்கேன் எடுத்தவர். கருவியை வாங்கி, ஜெல் குப்பியைப் பிடித்திருந்த பெயின்டரைப் பார்த்து, "கொஞ்சமாப் போடுங்க. குழந்தைக்கு எண்ணெய்க் குளியலா நடத்துறீங்க?" என்றார். முனையை வைத்து லேசாக ஒரு திருப்புத் திருப்பினார். எட்டு புள்ளி நாலு. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். எட்டு புள்ளி நாலு.

"யானைக்குப் பிரசவம் எப்பங்க?" என்று கேட்டார் டிரைவர்.

"தலை திரும்பிடுச்சு. எல்லாம் நார்மல்" என்றார் சம்பந்தியம்மா, சிரிக்காமல்.

அன்றிலிருந்து கப்பலுக்கு அவர்தான் டாக்டர். சீஃபின் பழைய ஓவரால் ஒன்றைக் காலில் மடித்துவிட்டுக்கொண்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அடித்தளத்தில் தவழ்ந்து தவழ்ந்து அளந்தார். மூன்று வாரத்தில் பின்பக்கம் முடிந்தது. கூடவே போய்த் தகடு சுரண்டிக் கொடுக்கிற வேலையை சீஃப் தானே எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் அதை மரியாதை என்று நினைத்தார்கள். பாதி மரியாதைதான். மீதியை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கரி அறைக்கு அடியில், இடப்பக்கம் பதினேழாம் தகட்டுக்கு வந்தார்கள். தகட்டின் நடுவில், தலையணை அளவுக்கு சிமென்ட் பூசியிருந்தது.

"இது என்ன?" என்றார் சம்பந்தியம்மா.

"அது பழசு. அந்தக் காலத்துலேயே போட்டிருக்காங்க. பக்கத்துத் தகட்டு எண்ணையே போட்டுக்கலாம்."

சம்பந்தியம்மா சிமென்டின் ஓரத்தில் விளக்கை அடித்து, விரலால் தடவிப் பார்த்தார். "சிமென்டுக்கு அடியில சாம்பல் பெயின்ட் இருக்கு. அதுக்கு அடியில சிவப்பு. இந்த ரெண்டையும் நீங்கதானே அடிச்சீங்க? பெயின்ட் அடிச்சதுக்கு அப்புறம்தானே சிமென்ட் வந்திருக்கணும்?"

சீஃபின் முகத்தில் ஈயாடவில்லை.

"எப்ப போட்டீங்க?"

"நாலு வருஷம் ஆச்சு" என்றார். "லேசா கசிஞ்சுது. முத்து முத்தா, அவ்வளவுதான். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு..."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

வெளியே தண்ணீர் தகட்டைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சீஃப், அந்த ஆறு வருஷத்தில் பேசாத அளவுக்குப் பேசினார். இன்னும் மூன்று வாரத்தில் கோடைப் பயணம் தொடங்குகிறது. பள்ளிக்கூடங்கள் பதிவு செய்துவிட்டன. இந்தத் தகட்டை எழுதினால் கப்பலை மூடிவிடுவார்கள். மூடினால் ஆட்கள் கலைந்துவிடுவார்கள். ஆள் கலைந்தால் யானை திரும்ப எழுந்திருக்காது. இந்த ஒரு வருஷம் பக்கத்து எண்ணை எழுதிவிட்டால், குளிர்காலத்தில் தானே முன்னின்று மாற்றிவிடுவதாகச் சொன்னார். கடைசியில், "சம்பந்தி, உங்ககிட்ட நான் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல" என்றார்.

"கேட்டதில்லதான்" என்றார் அவர். "நான் முப்பத்தோரு வருஷம் ஸ்கேன் பார்த்திருக்கேன். எத்தனையோ பேர் கெஞ்சியிருக்காங்க, நல்ல வார்த்தையா எழுதுங்கன்னு. பார்க்காத இடத்தைப் பார்த்தேன்னு ஒரு நாளும் எழுதினதில்ல. உங்களுக்காக இப்ப எழுதினா, முன்னாடி எழுதினதுக்கெல்லாம் என்ன மதிப்பு?"

சீஃப் சிமென்டையே பார்த்தார்.

"ஒண்ணு செய்யுங்க. சிமென்டைத் தொட வேண்டாம். அதுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் உள்ளங்கை அளவு சுரண்டிக் கொடுங்க. எண் நல்லா வந்தா நல்லதுதானே?"

சீஃபுக்கும் அது நியாயமாகப் பட்டது. நல்ல எண் வரும் என்று அவர் உண்மையிலேயே நம்பினார். சுரண்டியை எடுத்து, வழக்கத்தைவிட மெதுவாகத்தான் இழுத்தார். பெயின்ட் உரிந்தது. அதன் அடியில் கறுப்பாக இருந்த துருவும் பாளம் பாளமாக வந்தது. மூன்றாவது இழுப்பில் சுரண்டியின் முனை, பிஸ்கட்டுக்குள் கரண்டி போவதுபோலத் தகட்டுக்குள் போனது. வெளியே இழுத்தார். தண்ணீர் அவர் மார்பில் பீறிட்டு அடித்தது.

விரல் கனத்துக்குத்தான் ஓட்டை. ஆனால் நீர்மட்டத்துக்கு ஒரு ஆள் உயரம் கீழே இருக்கிற ஓட்டை. ஒரு கணம் சீஃபுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சம்பந்தியம்மா தான் முழங்காலிட்டிருந்த ரப்பர் விரிப்பை உருவி, நாலாக மடித்து, ஓட்டையில் வைத்துத் தன் முழு எடையோடும் அழுத்தினார்.

"நிக்காதீங்க! அடைக்கறதுக்கு ஏதாவது கொண்டு வாங்க!"

அறுபத்தாறு வயதில் சீஃப் அந்த ஏணியை எப்படி ஏறினாரோ, அவருக்கே தெரியாது. மர ஆப்புகள் இருக்கிற பெட்டியையும் சுத்தியலையும் தூக்கிக்கொண்டு, போகிற போக்கில் பம்பைப் போடச் சொல்லிச் சமையல்காரரிடம் கத்திவிட்டு இறங்கினார். அதற்குள் சம்பந்தியம்மா இடுப்புவரை நனைந்து, குளிரில் பற்கள் தந்தியடிக்க அழுத்திக்கொண்டிருந்தார். கை மட்டும் நகரவில்லை. சீஃப் ஆப்பில் துணி சுற்றி, "எடுங்க" என்றதும் அவர் விரிப்பை எடுத்தார். சீஃப் ஆப்பைச் செருகி மெதுவாகத் தட்டினார். ஓங்கி அடித்தால் ஓட்டை பெரிதாகும் என்பது அவருக்குத் தெரியும். நாலு தட்டில் பீறிடல் நின்று கசிவானது. மேலே பம்ப் இரைய ஆரம்பித்தது.

இருவரும் எதிரெதிரே தண்ணீரில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். சம்பந்தியம்மா சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட அட்டவணையை எடுத்தார். பென்சிலைத் தேடினார்.

"பதினேழு, இடப்பக்கம்" என்றார். "பூஜ்ஜியம்னு எழுதட்டுமா சம்பந்தி?"

சீஃபுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவர், பாதியில் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் சம்பந்தியம்மா விளக்கைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்தார்.

சாயங்காலம் மகள் போன் பண்ணினாள். "என்னப்பா நடந்துச்சு? அத்தை இடுப்புவரைக்கும் ஈரமா வந்தாங்க. கேட்டா, உங்க அப்பா சொல்லுவார்ங்கறாங்க."

சீஃப் சொன்னார். முழுவதையும் சொன்னார்.

"போன வருஷம் நானும் அவரும் குழந்தையைத் தூக்கிட்டு அந்தக் கப்பல்ல வந்தோமேப்பா" என்றாள் மகள்.

"ஆமா."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அவள் போனை வைத்துவிட்டாள். மாப்பிள்ளை திரும்பக் கூப்பிட்டு, "அவ கொஞ்சம் கோவமா இருக்கா மாமா, ரெண்டு நாள் விடுங்க" என்றார். ரெண்டு நாள் இல்லை, பதினெட்டு நாள் ஆனது.

சனிக்கிழமை முப்பது பேரும் சாப்பாட்டு அறையில் கூடினார்கள். செயலாளர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை; ஆப்பு அடித்த செய்தி அவருக்குத் தெரியும், சிமென்ட் செய்தி தெரியாது. அதைச் சம்பந்தியம்மா சொல்லவில்லை. சீஃப் எழுந்து நின்று தானே சொன்னார். கத்தாமல் அவர் பேசி அவர்கள் கேட்டது அன்றுதான்.

"ஏன் சொல்லலை?" என்றார் செயலாளர்.

"சொன்னா மூடிடுவாங்கன்னு பயம். மூடினா நாம எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவோம்னு பயம். வீட்டுக்குப் போய் நான் என்ன பண்றது?"

டிரைவர்தான் முதலில் எழுந்தார். "நாலு கோடை. ஒவ்வொரு பயணத்துக்கும் அறுபது பேர். ஒவ்வொரு தடவையும் கிளம்புறதுக்கு முன்னாடி மேலேருந்து பேச்சுக் குழாய்ல உன்கிட்ட கேட்பேன், கீழ எல்லாம் சரியான்னு. நீ சரின்னுவே" என்றார். மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தவர், தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அந்தக் கோடையில் பயணம் இல்லை. யானையைத் தண்ணீரிலிருந்து கரையேற்றி, பதினோரு வாரம் நிறுத்தி வைத்தார்கள். சம்பந்தியம்மா வெளிப்பக்கமிருந்தும் அளந்தார். மாற்ற வேண்டிய தகடு ஒன்று இல்லை, பதினாலு. சீஃப் பயந்ததுபோல் ஆட்கள் கலையவில்லை. ஐந்து பேர் வருவதை நிறுத்தினார்கள், ஒன்பது பேர் புதிதாக வந்தார்கள். கரையில் நிற்கிற கப்பலின் அடிவயிற்றைப் பார்க்கவே தனியாகக் கூட்டம் வந்தது. தண்ணீருக்குள் இருக்கிற பாகம் இத்தனை பெரிதா என்று வாயைப் பிளந்தார்கள். இயந்திரப் பொறுப்பிலிருந்து சீஃப் தானாகவே விலகினார். பொறுப்பை ஏற்றுக்கொண்ட வெல்டர், அவர் வயதில் பாதிகூட இல்லாத பெண், முதல் நாளே, "நீங்க எல்லா வேலையும் செய்யலாம். கையெழுத்து மட்டும் நான்தான் போடுவேன்" என்றாள். அவர் தலையாட்டினார். சீஃப் என்று கூப்பிடுவதை மட்டும் யாரும் மாற்றிக்கொள்ளவில்லை. பழக்கதோஷம்.

டிரைவர் வீட்டுக்கு சீஃப் இரண்டு தடவை போனார். முதல் தடவை கதவு திறக்கவில்லை. இரண்டாம் தடவை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார் டிரைவர்: "உன் மேல கோவம் இல்லன்னு சொன்னா பொய். வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லு." இப்போது சுக்கான் பிடிப்பது வேறொருவர். டிரைவர் திரும்பி வரவேயில்லை. கடைத்தெருவில் பார்த்தால் இருவரும் தலையசைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

மறுவருஷம் முதல் பயணத்தன்று சீஃப் அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டார். மகளும் மாப்பிள்ளையும் குழந்தையோடு வந்திருந்தார்கள். ஏறும்போது மகள் இயந்திர அறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "அத்தை, ஏறலாமா?" என்று கேட்டாள். கேள்வி அத்தையிடம்தான், ஆனால் பார்த்தது அப்பாவை.

"நான் அளந்தவரைக்கும் ஏறலாம்" என்றார் சம்பந்தியம்மா.

சீஃப் நீராவி அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த மண்வாரி கரியை அள்ளினார்.

இப்போது சம்பந்தியம்மா கொதிகலன் குழாய்களை அளக்க வேண்டும் என்கிறார். வளைந்த குழாயில் அந்தக் கருவி சரியான எண் காட்டாது என்கிறார் சீஃப். இரண்டு வீடும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால் இந்தச் சண்டைதான். குழம்பு ஆறிவிடுகிறது என்று மகள் கத்துகிறாள். அடுத்த செவ்வாய்க்கிழமை, ஒரு பழைய குழாயை அறுத்து உள்ளே பார்த்துத் தீர்த்துக்கொள்வதாக இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.