திரையில் காய்ந்த மப்ளர்

அந்த மலை உச்சிக் கேமரா ஒரு கார் அளவு இருக்கும். அதன் கண் கூர்மையைக் கேட்கவே வேண்டாம். சோதனை நாளில் முன்னால் நின்று தலையைச் சொறிந்த வானாய்வக இயக்குநரின் பொடுகை முப்பத்திரண்டு என்று எண்ணிச் சொன்னதாம். அவர் இன்றுவரை மறுக்கவில்லை. வானத்தைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள நட்சத்திர மண்டலங்களைப் பட்டியல் போடுவது அதன் பிழைப்பு.

அதைப் பராமரிக்கும் கேமராக்காரருக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

தினமும் மதியம் விளக்குகளைப் போட்டு ஒரு வெள்ளைத் திரையைப் படமெடுப்பது அவர் வேலை. லென்ஸில் தூசி இருக்கும் இடம் அந்தப் படத்தில் கறுப்பாக விழும். இரவு எடுக்கும் படங்களில் அதே இடத்தை அதே அளவு வெளுத்து, கணினி சரிக்கட்டிவிடும். விளக்குச் சூட்டில் ஈரத்துணி அரை மணியில் காயும் என்பது கேமராக்காரர் சொந்தமாகக் கண்டுபிடித்த அறிவியல். போன மாதம் மழையில் நனைந்த மப்ளரைத் திரையில் தொங்கவிட்டவர், எடுக்க மறந்து பொத்தானை அமுக்கிவிட்டார். எடுத்த படத்தைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. வெள்ளைத் திரையில் பார்க்க என்ன இருக்கிறது?

அன்றிரவு முழுக்க வானத்தின் ஒரே மூலையைப் படமெடுத்தவர் அவருடைய மைத்துனர், மனைவியின் தம்பி. பதினோரு வருஷமாக ஒன்றும் கிடைக்காத ஆராய்ச்சியாளர். விடிந்ததும் கிடைத்தது: இரண்டு கைகளை வீசிக்கொண்டு மங்கலாக ஒரு புது மண்டலம். அதற்குத் தன் அக்காவின் பெயரையே வைத்தார். இந்த வெள்ளிக்கிழமை அறிவிப்பு.

கேமராக்காரர் அந்தப் படத்தைப் பார்த்தது திங்கட்கிழமை. மண்டலத்தின் இடது கை நுனியில் குஞ்சம் தெரிந்தது. மப்ளரையும் தூசியென்று எண்ணிக் கணினி வெளுத்துவைத்திருந்தது.

சொன்னால் மைத்துனரின் பதினோரு வருஷமும் பாழ். சொல்லாவிட்டால், அடுத்த மாதம் வேறொரு தொலைநோக்கி அதே மூலையைப் பார்க்கும். அங்கே ஒன்றும் இருக்காது. உலகமே கைகொட்டிச் சிரிக்கும். வியாழக்கிழமை மதியம் மைத்துனரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். மப்ளரை மேசைமேல் வைத்து, நடந்ததைச் சொல்லிவிட்டார்.

மைத்துனர் குஞ்சத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

“தெரியும் மாமா. ரெண்டு வாரமாவே தெரியும்.”

“தெரிஞ்சுமா மாப்ளே?”

“அக்காகிட்ட பேரச் சொன்னேன். அழுதுட்டா. அதுக்கப்புறம்தான் குஞ்சத்தையே கவனிச்சேன்.”

 கேமராக்காரர் பணிக்குறிப்பேட்டை எடுத்து, போன மாதத்து அந்தத் தேதிக்கு நேராக, திரையில் மப்ளர் தொங்கியது, பொறுப்பு நானே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மைத்துனர் தடுக்கவில்லை. வீட்டில் தானே சொல்லிவிடுவதாக மட்டும் முனகினார்.

“வேண்டாம். உங்கக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

மலையிறங்கும் பாதையில், வளைவுக்கொரு விதமாகப் பேச்சை ஆரம்பித்துப் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை. வீட்டுக் கதவைத் திறக்கும்போதே மனைவியின் குரல் கேட்டது. தன் பெயருள்ள மண்டலம் எத்தனை கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது என்று யாருக்கோ போனில் விளக்கிக்கொண்டிருந்தாள். பேசி முடிக்கட்டும் என்று நின்றார். முடித்தாள். அவர் தொண்டையைச் செருமுவதற்குள் அடுத்த எண்ணை அழுத்திவிட்டாள்.