பூச்சி தின்னும் செடிக்குப் பல் துலக்கிய கதை

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இக்கதை என் கடைவாய்ப் பல்லில் பிறந்தது. மேடைதோறும் வாய் திறந்து முழங்கியவன், அன்று பல் மருத்துவரின் நாற்காலியில் வாய் திறந்தும் பேச வழியின்றிக் கிடந்தேன். ஊசி போட்ட இடம் மரத்துப்போகட்டும் என்று என்னை விட்டுவிட்டு, மருத்துவர் சன்னலோரம் போனார். அங்கிருந்த சிறு தொட்டியைக் குனிந்து நோக்கி, "ஆ காட்டு" என்றார். என்னிடமல்ல, செடியிடம்.

தொடக்கத்தை அங்கேயே மனத்துக்குள் எழுதினேன்:

"தின்னப்படவே பிறந்தது தாவரம் என்னும் ஆணவத்தின் கன்னத்தில் ஓங்கி அறைந்த செடியே! எழுக! உன் ஏழு வாய்களும் முழங்குக! ஈக்களின் ஆதிக்கம் இன்றோடு..."

(வாக்கியம் இங்கே கைவிடப்படுகிறது. முழங்க வேண்டிய வாய்களில், அதாவது ஈ உட்கார்ந்தால் மூடிக்கொள்ளும் பல்வரிசை இலைகளில், ஆறு கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தன.)

2

செடி மருத்துவருடையதன்று, அவருடைய நாத்தனாருடையது. ஈராண்டுக்கு முன் நாத்தனாருக்கு மருத்துவர் ஒரு பல்லுக்கு உறை போட்டார். அது அலுவலகக் கூட்டத்தில், "நம் நிறுவனத்தின் உறுதி" என்று நாத்தனார் அழுத்திச் சொன்ன கணத்தில் கழன்று, மேலாளரின் தேநீரில் விழுந்தது. அன்றோடு பேச்சு நின்றது. பிறகு வெளியூர்ப் பணிக்குப் புறப்பட்ட நாத்தனார், தாமாகவே தொட்டியோடு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணி, இது ஒண்ணுதான். மழைத்தண்ணி ஊத்துங்க, வெயில்ல வைங்க, மத்தபடி சும்மா விட்டுடுங்க. இதையாவது ஒழுங்கா பாத்துப்பீங்களா?"

"பாத்துக்கிறேன்மா. நீ நிம்மதியா போயிட்டு வா."

'இதையாவது' என்ற அச்சொல் மருத்துவரின் நெஞ்சில் பல்லிடுக்கு நார்போல் சிக்கிக்கொண்டது. செடி பிழைத்தால் உறவு பிழைக்கும். பட்டுப்போனால் இரண்டுக்கும் ஒரே குழி.

மழைநீரைப் பிடித்து வைத்தார். வெயிலில் வைத்தார். சும்மா விடுவதுதான் இயலவில்லை. இருபதாண்டுத் தொழில்! மூடிய வாய்க்குள் சொத்தை ஒளிந்திருக்கும் என்பது அவர் கண்ட உண்மை. ஆகவே ஈயைப் பிடித்து ஒரு வாய் மூடியதும், மறுநாளே இடுக்கியால் அதைப் பிளந்தார்; பாதி செரித்த ஈயை எடுத்தெறிந்தார்; குழந்தைகளுக்கான மெல்லிய தூரிகையால் பல் துலக்கிவிட்டார்.* தூரிகை பட்டதும் வாய் மீண்டும் மூடியது. மீண்டும் பிளந்தார். ஒரு வாய் தன் ஆயுளில் சில முறைதான் மூடித் திறக்கும் என்பதை அவர் அறியார். செடியோ, பட்டினியோடு உடற்பயிற்சியும் செய்து ஓய்ந்தது.

(* பற்பசை போட்டாரா என்று கேட்பீர்கள். இல்லை. செடிக்குக் கொப்பளிக்கத் தெரியாதே என்று தயங்கினாராம்.)

3

படித்த பெண்மணி இப்படிச் செய்வாரா? இப்பாத்திரத்தை நானே நம்பவில்லை. பிறகு என்னையே கேட்டேன்: உலையில் அரிசி வேகும்போது மூடியைத் தூக்கிப் பாராத கை எது? ஆறுகின்ற புண்ணைச் சொறியாத விரல் எது? நானே இப்பகுதியில், "அவருடைய உள்ளத்தின் ஆழத்தில் அன்று..." என்று மும்முறை தொடங்கி மும்முறை அடித்தேன். இடுக்கி என் கையிலும் இருக்கிறது.

கண்டுபிடித்தவர் அவருடைய கணவர்.

"என்ன இது, ஆறு வாய் கறுத்துப் போச்சு?"

"சொத்தைன்னு நினைச்சேங்க."

"நினைச்சு?"

"சுத்தம் பண்ணேன்."

"அது வாய் மட்டும் இல்லம்மா, வயிறும் அதுதான்! நீ சாப்பிட்டு உக்காந்திருக்கும்போது யாராவது வயித்தைத் திறந்து பிரஷ் போட்டா சும்மா இருப்பியா?"

"உங்க தங்கச்சி இன்னும் மூணு வாரத்துல வர்றா."

"அப்படியா? அன்னைக்கு நான் ஊர்ல இல்ல."

மருத்துவர் தூரிகையை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைக் கணவரிடம் கொடுத்தார். எஞ்சிய ஒற்றை வாய் ஓர் ஈயை விழுங்கி மூடிக்கொண்டது. அதைப் பிளக்கத் துடித்த தம் கைகள்மேல் மருத்துவர் தாமே உட்கார்ந்துகொண்டார். பத்தாம் நாள் அது தானாகத் திறந்தது. உள்ளே ஈயின் வெறுங்கூடு. செடியின் நடுவே அரிசியளவில் ஒரு புதுவாய்!

4

முடிவுகள்.

(அ) அண்ணியும் நாத்தனாரும் தழுவிக்கொள்ள, செடி இலைகொட்டி ஆர்ப்பரிக்கிறது. (மேடைக்கு ஆகும், தொட்டிக்கு ஆகாது.)

(ஆ) செடி வெகுண்டெழுந்து மருத்துவரின் விரலை... (அதன் பிடி உங்கள் கண்ணிமை மூடும் அளவுகூட வலிக்காது. விடுங்கள்.)

(இ) நான் கண்டது. மீண்டும் அதே நாற்காலி. வாய் நிறையப் பஞ்சு. கதவைத் திறந்துகொண்டு நாத்தனார் வந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. தொட்டியைப் பார்த்தார்.

"ஏழு வாய் இருந்துச்சே அண்ணி?"

"ஆறை நான்தான் கெடுத்தேன். திறந்து திறந்து பாத்து."

 வீங்கிய கன்னத்தைப் பார்த்த மருத்துவரின் தொண்டை வரை "ஆ காட்டு" வந்தது. அவர் அதை விழுங்கினார். கைகளை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டார். கணவர் ஊரில் இல்லை.

பிறகு நாத்தனார் மெல்ல வந்து, காலியாக இருந்த பக்கத்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். வாய் திறக்கவில்லை.

அச்செடியின் இயல்பொன்று: வாயின் உள்முடியை ஒருமுறை தொட்டால் அசையாது. இருபது நொடிக்குள் இரண்டாம் முறையும் தொட்டால்தான் மூடும். நாத்தனார் வந்து உட்கார்ந்ததுதான் முதல் தொடுகை. இரண்டாவதை யார் தொடுவது? நான் என்றால் ஒரு பேருரையே ஆற்றியிருப்பேன், பஞ்சு தடுத்துவிட்டது. அதுவும் நல்லதற்கே.

வாசகப் பெருமக்களே, நொடிகள் ஓடுகின்றன. தொடுவதானால் தொடுங்கள். ஆனால் முதலில் அந்த இடுக்கியைக் கீழே வையுங்கள்.