ஒரு சொட்டுப் பசை

டாக்டர் ஹாலோவே தன் துப்பாக்கியை என் துப்பாக்கிப் பட்டறை மேசையில் வைத்தபோது மெர்லும் கூட வந்திருந்தான். மெர்ல் எங்கள் மலையில் எல்க் மான் வேட்டைக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறவன். டாக்டருக்குச் சுடும்போது தோளில் விழும் உதை பொறுக்கவில்லை; குழல் முனையில் மசில் பிரேக் மாட்டச் சொன்னார். பக்கவாட்டில் துளை போட்ட விரல்நீள இரும்பு அது. சுடுகிறவன் வாங்கும் உதையைப் பாதியாக்கும். வெடிச் சத்தத்தைப் பக்கத்தில் நிற்பவன் காதில் கொண்டுபோய்க் கொட்டும்.

மெர்ல் என்னை ஓரமாக இழுத்தான்.

"டேய் ஓரின், எனக்காக ஒண்ணு பண்ணு. ரொம்ப இறுக்கிடாத. என் பையில இருக்கிற ஸ்பானருக்குக் கழலணும். மலையேறினதும் அதக் கழட்டிட்டுக் குழலோட பழைய மூடியத் திருகிடுவேன். இடது காது எப்பவோ போச்சு. வலதுதான் சோறு போடுது."

"காதுல பஞ்சு வெச்சுக்கயேன்."

"பஞ்சு வெச்சா மான் கத்துறது உங்கப்பனுக்கா கேக்கும்?"

சரி என்றேன். நிஜமாகவே அப்படிச் செய்யத்தான் நினைத்தேன்.

அதோடு அவன் வாயை மூடியிருக்கலாம். டாக்டர் பக்கம் திரும்பினான். "துளை நேரா இருக்கான்னு நீங்களும் பாத்துக்கோங்க டாக்டர். ஆறு வருஷம் முன்னாடி இவன் ஒருத்தனுக்குக் கோணலா மாட்டிக் குடுத்தான். சுட்டதும் தரையில கெடந்த பனியெல்லாம் அவன் மூஞ்சியில! மான் ஓடிப்போச்சு, மனுஷன் பனிப்பொம்மையா நின்னான். அதுலருந்து இவன் பேரே பனிப்புயல்தான்."

டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆறு வருடமாக ஒவ்வொரு முகாமிலும் இதே கதை. என் மகள் கல்யாணத்தில்கூட யாரோ என்னை அப்படித்தான் கூப்பிட்டான். நானும் சிரித்து வைத்தேன்.

அவர்கள் போனதும் வேலையைத் தொடங்கினேன். மூடியைக் கழற்றி, குழல் முனை மரைகளில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தேன். மெல்லிய வளையங்களை மாற்றி மாற்றிப் போட்டு, துளைகள் இருபுறமும் மட்டமாக நிற்கும்வரை சரிபார்த்தேன். மயிரிழை பிசகவில்லை. பிறகு மறுபடி கழற்றி, எந்தச் சூட்டுக்கும் இளகாத பசையை மரையில் ஒரு சொட்டு விட்டு, முறுக்கினேன். கோபத்தில் அறிவிழந்து செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

பத்து நாள் கழித்து டாக்டர் குதூகலமாக வந்தார்.

"உதையே தெரியலப்பா! அந்த மெர்ல்தான் ஸ்பானரப் போட்டு முக்கு முக்குன்னு முக்கினான், அசையல. 'நான் காதப் பொத்தினப்புறம் சுடுங்க'ன்னான். மான் நாப்பது அடியில வந்து நிக்குது, இவன் ரெண்டு கையாலயும் மானக் கூப்பிடுற ஊதுகுழலப் புடிச்சு ஊதிட்டிருக்கான். அவன் பொத்துறவரைக்கும் மான் காத்திருக்குமா? அவன் தோளுக்குப் பக்கத்துலயே வெச்சுச் சுட்டேன். அப்புறம் ரெண்டு நாளும் தலையச் சிலுப்பிக்கிட்டே இருந்தான், தண்ணியில விழுந்த நாய் மாதிரி."

நான் கூலியை எண்ணி வாங்கிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை மெர்ல் வந்தான். கடையில் மூன்று பேர் நின்றார்கள். அவர்களில் ஒருவர், காது கேட்கவில்லை என்று அவனை வேலையிலிருந்து நிறுத்திய முகாம் முதலாளி. மெர்ல் காகிதத்தில் சுற்றிய இறைச்சியை என்னிடம் நீட்டினான். மானின் முதுகுக்கறி, உள்ளதிலேயே நல்ல துண்டு.

"நீ மனசுல வெச்சுக்காதடா," என்று கத்தினான். தான் கத்துவது அவனுக்குத் தெரியவில்லை. "என் ஸ்பானர்தான் தேஞ்சுபோச்சு. உன் வேலையில ஒரு குறையும் இல்ல, துளை அவ்வளவு நேரா இருந்துச்சு. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இனிமே ஒருத்தனும் உன்னப் பனிப்புயல்னு கூப்பிட மாட்டான்."

"பசை போட்டது நான்தான் மெர்ல்," என்றேன் மெதுவாக.

அவன் வலது காதைக் கையால் குவித்துக்கொண்டு, மேசைமேல் சாய்ந்து என் வாயையே பார்த்தான்.

"என்னது? சத்தமா சொல்லுடா."

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கறிக்கு நன்றின்னேன்!" என்று கத்தினேன்.