பலகைக்கு முன்னால் இரண்டு நிமிஷம்

"பலகைய எடுக்கறீங்களா, இல்ல நானே தூக்கிச் சாக்கடைல போடட்டுமா?"

ஷர்பரி குரலை உயர்த்தி எங்கள் மல்லிக் சந்து கேட்டதே இல்லை. அதனால் வராந்தாவுக்கு இரண்டு தலை வீதம் முளைத்தது. துக்க வீடாயிற்றே என்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டவர்களும் காதைத் தாழ்த்தவில்லை.

"சாக்கடைக்கு அந்த அளவு அகலம் கிடையாது தீதி," என்றார் லாஹிரி. கால்பந்து கிளப்பில் நிருபர்களைக் கட்டி மேய்ப்பது அவர் வேலை. "லாரி போயிடுச்சு. இப்ப இத நான் எங்க கொண்டு போறது?"

பலகை ஆளுயரத்துக்கு மேல் இருந்தது. பனியன் கம்பெனி, கடுகெண்ணெய், சிமெண்ட் என்று வரிசை வரிசையாக விளம்பர முத்திரைகள். காலையில் டோட்டன் வீட்டு வாசலிலேயே அதற்கு முன்னால் நின்று நிருபர்களிடம் பேசவேண்டும் என்பது ஏற்பாடு. அதற்குள் டோட்டனுக்கும் அவன் அக்கா ஷர்பரிக்கும் அப்பாவான பிஜன்பாபு செத்துப்போனார். பலகையை யாரும் திருப்பி அனுப்பவில்லை. அது சந்து முனையை அடைத்துக்கொண்டு நிற்க, அதற்கு அந்தப் பக்கம் பிணம் ஏற்ற வந்த கண்ணாடி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

டிரைவர் இறங்கி வந்து பலகையைத் தட்டிப் பார்த்தான். "பெரியவருக்கு இனிமே அவசரம் இல்ல. எனக்கு இன்னும் ரெண்டு வீடு பாக்கி. யாராவது ஒரு முடிவுக்கு வாங்க."

கடைசியில் பக்கத்து வீட்டு ஹால்தார் மாசிமாவின் மகன் பாச்சுவும் இன்னும் மூன்று பேரும் பலகையைச் சாய்த்துத் தூக்கி, மாசிமா வீட்டுச் சுவரோரம் வைத்தார்கள். பாச்சு இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். தூக்கும்போதே டிரைவரிடம் பாலிசி பற்றி விசாரித்துவிட்டான்.

உள்ளே கட்டிலில் பிஜன்பாபு படுத்திருந்தார். ஒரு கன்னம் வழவழவென்று இருந்தது. இன்னொரு கன்னத்தில் நேற்றைய நரை முள். வாசல் குழாயடிக் கண்ணாடி முன்னால் ஷேவ் செய்யும்போதே சரிந்தவர். நுரையை ஷர்பரிதான் துடைத்தாள். மிச்சத்தையும் மழித்துவிடலாமா என்று ரேசரை எடுத்தாள். கை வரவில்லை, கீழே வைத்துவிட்டாள்.

ஓய்வு பெற்ற மனிதர் ஒருநாள் தவறாமல் ஷேவ் செய்தது நிருபர்களுக்காக. டோட்டன் கோல்கீப்பர், கேப்டனும்கூட. கேப்டன் என்றால் ஆட்டத்துக்கு முந்தின நாள் மைக்குகளுக்கு முன்னால் உட்கார்ந்தே தீரவேண்டும் என்பது லீக் ஒப்பந்தம். போன வருஷம் வரை உட்கார்ந்தான், சிரிக்கக்கூடச் செய்தான். கால் நடுவே ஒரு பந்தை விட்டான், கோப்பை கைவிட்டுப் போனது, அன்றைக்கு ஒரே கேள்வியை இருபது வாயால் கேட்டார்கள். அதிலிருந்து மைக்கைக் கண்டால் அவனுக்கு மூச்சு அடைத்தது. விரல்கள் மரத்துப்போகும். பிறகு பின்கட்டுக் குழாயடியில் வாந்தி.

அந்தக் குழாயடி மாசிமாவின் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே. பையன் குடிக்கிறான் என்று சந்து முழுக்கச் சொன்னதும் மாசிமாதான்.

அவன் வராமல் விட்ட கூட்டங்களுக்குப் பிறகு நிருபர்கள் வீட்டுக்கே வந்தார்கள். பிஜன்பாபு வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பிஸ்கட் டப்பாவை நீட்டி, "புள்ள நல்லா இருக்கான். வயித்துலதான் கொஞ்சம் கோளாறு, நேத்து மீன் சரியில்ல," என்பார். கிழவனுக்கு டிவியில் வர ஆசை என்று சந்து சிரித்தது. மார்க்கெட்டில் மீன்காரன் சண்டைக்கே வந்துவிட்டான். பிஜன்பாபு மறுநாள் இறால் மேல் பழி போட்டார்.

டோட்டன் அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தான். அகலமான அந்தக் கைகள் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தன. ஷர்பரி பக்கத்தில் போய் நின்றதும் கேட்டான்.

"தீதி, லாஹிரி-தா போயிட்டாரா?"

"போவாரு."

"பாபா இன்னிக்கு என்ன சொல்றதா இருந்தாரு? மீனா, இறாலா?"

"தெரியலடா."

வண்டிக்குத் தூக்கும் நேரம் வந்தது.

ஆண்கள் கங்கைக்கரைக்குப் போனபின் ஷர்பரி வீட்டைக் கழுவிவிட்டாள். லாஹிரி போகவில்லை. வாசல் ஓரமாக நின்று செல்போனில் யாருக்கோ 'ஆமா சார்' போட்டுக்கொண்டிருந்தார். பேசி முடித்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தீதி, அவன் திரும்பி வந்ததும் பலகைக்கு முன்னால ரெண்டு நிமிஷம். ஒரு வார்த்தை பேசினாப் போதும். பழைய ரெண்டு தடவையும் கணக்குல இல்லாம பண்ணிடறேன்."

"பொணத்த எரிச்சிட்டு வர்றவன் கிட்டயா?"

"நாளைக்கு ஆட லீவு குடுத்துட்டாங்க. பேசறதுக்கு லீவு இல்லியாம். மூணாவது தடவையும் தவறினா சீசன் முழுக்க வெளியதான். அப்புறம் எந்த கிளப்பும் தொடாது." அவர் குரலைத் தணித்தார். "எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. ஒரு தடவை பாத்ரூம்ல அவன் தலைய நான்தான் பிடிச்சேன். சட்ட புஸ்தகத்துல தசைப்பிடிப்புக்கு இடம் இருக்கு. காய்ச்சலுக்கு இருக்கு. மதச் சடங்குக்குக்கூட இருக்கு. மனசுக்கு இல்ல. நான் என்ன பண்ணட்டும்?"

ஷர்பரி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

வெயில் சாயும்போது அவர்கள் திரும்பினார்கள். அதற்குள் சந்தில் நிருபர் கூட்டம் நிறைந்துவிட்டது. பலகை மறுபடி நிமிர்த்தி நிறுத்தப்பட்டிருந்தது. டோட்டன் துக்கம் காக்கும் மகனுக்குரிய தைக்காத வெள்ளைத் துணி சுற்றி, வெறுங்காலோடு, கழுத்துக் கயிற்றில் இரும்புச் சாவி தொங்க, கக்கத்தில் தர்ப்பைப் பாய்த் துண்டோடு வந்தான். வாசலில் இரும்பைத் தொட்டான், நெருப்பைத் தொட்டான், வேப்பிலையைக் கடித்தான். கடிக்கும்போதே மைக்குகள் நீண்டன. ஒன்று அவன் தாடையில் இடித்தது.

ஷர்பரி அவன் விரல்களைத்தான் பார்த்தாள். அவை மடங்க ஆரம்பித்திருந்தன.

"அவன் பேசக்கூடாது," என்றாள்.

"ரெண்டே நிமிஷம் தீதி."

"சிராத்தம் முடியற வரைக்கும் வெளி ஆளுங்க கிட்ட வாய் திறக்கக்கூடாது. சடங்கு."

லாஹிரி கண்ணாடியைக் கழற்றினார். "எங்கப்பாவும் செத்தாரு. நானும் இதே துணியோட ஆபீசுக்குப் போனேன், நாள் முழுக்கப் பேசினேன். எந்தப் பஞ்சாங்கத்துல இருக்கு இது?"

ஷர்பரி அண்ணாந்து மாசிமா வீட்டு வராந்தாவைப் பார்த்தாள். சந்து மொத்தமும் மேலே பார்த்தது. பஞ்சாங்க விஷயத்தில் எங்களுக்கு ஹால்தார் மாசிமா சொன்னதுதான் தீர்ப்பு. திதி தப்பாகச் சொன்ன புரோகிதரைப் படியிலேயே திருப்பி அனுப்பியவள். அவள் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, டோட்டனையும் மடங்கும் அவன் விரல்களையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உங்க வீட்ல இல்லாம இருக்கலாம் லாஹிரிபாபு," என்றாள். "இந்த பக்ஷி குடும்பத்துல உண்டு. எனக்குக் கல்யாணமாகி வந்த வருஷம் இவன் தாத்தா செத்தாரு. பிஜன் சிராத்தம் வரைக்கும் வாயே திறக்கல. பால்காரன் கிட்டகூட ஜாடைதான்."

அந்த வருஷம் பிஜன்பாபு பால்காரனோடு தண்ணீர்ப் பாலுக்காக அடிதடிவரை போனது சந்துக்கு நன்றாகத் தெரியும்.

"ஆமாமா," என்றான் பாச்சு. "படமும் எடுக்கக்கூடாது. வெளிச்சம் மூஞ்சில படக்கூடாது."

"எழுத்துப் போட்ட எதுக்கும் முன்னால நிக்கக்கூடாது," என்றாள் எதிர்வீட்டு மருமகள். மாமியார் அவளைப் பெருமையாகப் பார்த்தாள்.

"பனியன் பேரக் கேட்டாலே தீட்டு," என்றது ஒரு குரல். அது தான்தான் என்று இன்றுவரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

லாஹிரி ஒவ்வொரு வராந்தாவாகப் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்து, "சார், மதச் சடங்காம். ஆமா சார். சந்து முழுக்கச் சொல்லுது," என்றார். கண்ணாடியை மாட்டும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததாகச் சொல்கிறார்கள்.

டோட்டன் உள்ளே போய் மாடிப்படிக்கு அடியில் பாய்த் துண்டை விரித்து உட்கார்ந்தான். கூட்டம் கலையவில்லை.

"அப்ப யாராவது ஒருத்தர் பேசுங்க," என்றான் ஒரு நிருபர். "அவரு எப்படி இருக்காரு? அதையாவது சொல்லுங்க."

முக்காலி வாசலிலேயே கிடந்தது. ஷர்பரி அதை ஒரு கையால் தொட்டாள். புள்ள நல்லா இருக்கான் என்ற வாக்கியத்துக்காக எல்லா மைக்கும் காத்திருந்தது.

"இன்னிக்கு இந்த வீட்ல அடுப்பு எரியாது," என்றாள். "நாளைக்கும் யாரும் வராதீங்க."

முக்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

சிராத்தத்துக்கு மறுநாள், மழித்த தலையோடு டோட்டன் தனியாக கிளப்புக்குப் போனான். லாஹிரியின் அறையில் வெகுநேரம் பேசினானாம். என்ன பேசினான் என்று தெரிந்துகொள்ள எங்கள் சந்து கிளப் காவல்காரனுக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பார்த்தது. அவன் டீயைக் குடித்துவிட்டான், அவ்வளவுதான். தடை எதுவும் வரவில்லை, ஆனாலும் அந்த சீசன் டோட்டன் ஆடவில்லை. இப்போது கர்சியாங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கச் சொல்லித்தருகிறான். போகும்போது அப்பாவின் ஷேவிங் பிரஷை எடுத்துப்போனான். லாஹிரி கிளப்பை விட்டு மும்பைக்குப் போய்விட்டார். ஷர்பரியை ஒரு டிவி கேமராக்காரனோடு சந்து இரண்டு வருஷம் சேர்த்து வைத்துப் பேசியது. அவள் சிலிகுரியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவரைக் கட்டிக்கொண்டாள்.

அந்தப் பலகையை யாரும் கேட்டு வரவில்லை. ஹால்தார் மாசிமா அதைச் சமையலறை ஜன்னலுக்கு மேலே மழைத் தடுப்பாக மாட்டிக்கொண்டாள், பனியன் முத்திரை உள்பக்கமாக.

போன மழைக்காலத்தில் மாசிமா போனாள். சேதி கேட்டு ஷர்பரி சிலிகுரியிலிருந்து வந்து இறங்கியபோது, பாச்சு வெள்ளைத் துணியும் இரும்புச் சாவியுமாக வாசலில் நின்றிருந்தான். அவள் எப்படி ஆச்சு என்று கேட்டாள். அவன் தலையை ஆட்டி, விரலை உதட்டில் வைத்துக் காட்டினான். சிராத்தம் முடியவில்லை.

தூக்கத்தில்கூட பாலிசி பேசுகிறவன். ஷர்பரி அவனுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். பின்பக்கம் ஜன்னல் பலகையில் மழை விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.