முந்தாத குதிரைகள்

கிண்டி குதிரைப் பந்தயத்தில் ஒன்பது வருஷம் எடை பார்க்கும் குமாஸ்தாவாக இருந்தவன் நான். பெயர் குருநாதன். ஜாக்கியையும் சேணத்தையும் தராசில் ஏற்றி, எடை குறைந்தால் ஈயக்கட்டி சொருகி அனுப்புவேன். கோடைக்கானல் கிளப்பில் வேலைக்கு வந்த பிறகும் அந்தப் பைத்தியம் என்னை விடவில்லை. 1958 சீசனுக்கு ஏரிக்கரையில் ஒரு பந்தயம் வைக்கலாம் என்று செக்ரட்டரியை நச்சரித்துச் சம்மதம் வாங்கினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பந்தயத்தன்று காலையில் வீரம்மாள் வந்து நின்றாள். மேல்மலையிலுள்ள பூம்பாறையில் பூண்டு பயிரிடுகிறவள்.

"ஐயா, எம் புருசன் நேத்து திருமலைச்சாமிகிட்ட வாயக் குடுத்துட்டு வந்துட்டாருங்க. ஜெயிச்சா அவரு செவலைக் குதிரை எங்களுக்கு. தோத்தா எங்க மட்டக்குதிரை அவருக்கு."

திருமலைச்சாமி ஏரிக்கரையில் சீசன்காரர்களைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறவன். அவனிடம் ஐந்து குதிரைகள். ஐந்தும் பந்தயத்தில் ஓடப் போகின்றன.

"எங்கப்பன் சீராக் குடுத்த குதிரைங்க. அது போச்சுன்னா பூண்டு மூட்டைய நாந்தான் முதுகுல சொமக்கணும். பந்தயத்துல ஜெயிக்க என்னங்க சட்டம்?"

பந்தயம் என்று ஒருவர் கேட்டுவிட்டால் எனக்கு நாக்கு அடங்காது. ரோமாபுரியில் ரதம் ஓட்டியதில் ஆரம்பித்தேன். இங்கிலாந்தில் ராஜாவே ஏறி ஓட்டியது, மூன்று அரபிக் குதிரைகள் கப்பலேறிப் போய் வம்சம் வளர்த்தது எல்லாம் சொன்னேன். நல்ல குதிரைக்கு அதிகப் பாரம், நோஞ்சானுக்குக் குறைந்த பாரம், அப்போதுதான் எல்லாம் ஒன்றாக வந்து கோட்டைத் தொடும் என்று முடித்தேன்.

"எல்லாம் ஒண்ணா வந்து சேரணும்னா எதுக்குங்க ஓட விடணும்?"

எத்தனையோ வருஷமாக எந்தத் துரையும் கேட்காத கேள்வி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஓடித்தான் ஆகணும்னு சட்டம் இருக்குங்களா?" என்றாள் அடுத்து.

பந்தயச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். முதலில் கோட்டைத் தாண்டும் குதிரை ஜெயித்தது என்று மட்டும்தான் இருந்தது.

"எங்குதிரை கழுத்துல மணி கட்டலாமுங்களா?"

"மணி கட்டு, மாலை கட்டு, ஆளை விடு" என்றேன்.

மலைப்பாதையில் பொதிக்குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். முன்னால் போகிற குதிரைக்கு மட்டும் மணி. ஒற்றையடிப் பாதையில் அதை முந்தப் பார்த்தால் பள்ளம்தான் என்பதால், குட்டியிலேயே அடித்துப் பழக்கியிருப்பார்கள். திருமலைச்சாமியின் ஐந்து குதிரைகளும் முன்பு மேல்மலையில் பூண்டு சுமந்தவை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். வீரம்மாளுக்கு முன்பே தெரியும்.

கொடியை இறக்கினேன். செவலை பிய்த்துக்கொண்டு பாய்ந்தது. பின்னால் மணிச் சத்தம் கேட்டதும் சடாரென்று நின்று, ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது. வீரம்மாளின் மட்டக்குதிரை சந்தைக்குப் போகிற நடையில் அதைத் தாண்டிப் போயிற்று. செவலை அதன் வாலைப் பிடித்தது. மற்ற நான்கும் செவலைக்குப் பின்னால் வரிசை சேர்ந்தன. சவாரிக்காரர்கள் சாட்டையால் விளாசியும் ஒன்றுகூட முந்தவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த வீரம்மாளின் புருஷன் ஞானவேலும் குதிரையை உதைத்து உதைத்துப் பார்த்தான். அது அவனைச் சட்டை செய்யவே இல்லை.

கிண்டியில் அரை மைலுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. இங்கே பதினொரு நிமிஷம். இது எந்தச் சாமி ஊர்வலம் என்று ஒரு துரைசானி என்னிடமே கேட்டாள். மானம் போயிற்று. மட்டக்குதிரை கோட்டைத் தாண்டியது.

"இது பந்தயமாய்யா? பொணந்தூக்குறவன்கூட இதவிட வெரசாப் போவான்" என்று திருமலைச்சாமி என்மேல் பாய்ந்தான். சட்டத்தை வாசித்துக் காட்டினேன்.

ஞானவேல் குதிரையை விட்டு இறங்காமலே கத்தினான். "ஏலே திருமலை, செவலைய அவுத்து விடு. அடுத்த சீசனுக்கு ரெண்டையும் வச்சுக் கட்டுறேன், வாறியா?"

வீரம்மாளின் முகம் செத்துப்போயிற்று. ஜெயித்த குதிரையைப் பதிகிற நோட்டைத் திறந்தேன்.

"குதிரை சொந்தக்காரர் பேர்?"

"ஞானவேல்னு போடுங்க."

"எங்கப்பன் எனக்குக் குடுத்தது. வீரம்மாள்னு எழுதுங்க" என்றாள் அவள்.

வீரம்மாள் என்றே எழுதினேன்.

"அப்ப நான் யாரு?" என்றான் ஞானவேல்.

"நீ ஜாக்கி. ஜாக்கி பந்தயம் கட்டக் கூடாது. கிண்டியிலும் அதுதான் சட்டம்."

திருமலைச்சாமி பிடித்துக்கொண்டான். "அப்ப இவரு கட்டுனது செல்லாதுல்ல? செவலையத் தர மாட்டேன்."

"செவலை உங்களுதுதாங்க, ஓட்டிட்டுப் போங்க" என்றாள் வீரம்மாள். "இவரு வாய்ப்பேச்ச நம்பி இனிமே யாரும் எங்குதிரைய வந்து கேக்காதீங்க."

குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். பிறகு நிமிர்ந்து, மேலே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள்.

"எறங்குங்க" என்றாள்.