வலது தோளில் ஒரு தட்டு

ராயக்கோட்டை ரோட்டில் காலை ஏழரை மணிக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனுக்குத் தனியாக வேண்டுதல் எதுவும் தேவையில்லை. உத்தனப்பள்ளியில் கிளம்பி ஓசூர் சிப்காட்டுக்கு முழு உடம்போடு போய்ச் சேர்ந்தாலே சாமி தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம். எதிரே தக்காளி மண்டிக்குப் போகும் பிக்கப் வண்டிகள், நடு ரோட்டைப் பட்டா போட்டு வாங்கினவர்கள் மாதிரி வரும். பின்னால் ஜல்லி லாரி. இடது பக்கம் விளக்கைப் போட்டுவிட்டு வலது பக்கம் திரும்பும் பெங்களூர் கார்கள். இவர்களையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். கம்பெனி பஸ் ஓட்டுகிறவர்களை மட்டும் மன்னிக்க முடியாது. பஸ்ஸுக்குள் இருப்பவன் தொழிலாளி, பைக்கில் போகிறவன் பூச்சி என்பது அவர்கள் நினைப்பு.

சுரேந்தர் இந்த ரோட்டில் ஏழு வருஷமாகப் போய் வருகிறான். வயது முப்பத்து நான்கு. ஓசூரில் வண்டி உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. கழுத்தில் தொங்கும் அட்டை மஞ்சள் நிறம். நிரந்தரத் தொழிலாளிக்கு நீலம். மஞ்சள் அட்டைக்காரனைப் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பத்து நாள் கழித்துப் புதிதாக வந்தவனைப் போலக் கூப்பிட்டுக்கொள்வார்கள். முப்பத்தைந்து வயது தாண்டினவனுக்கு நீல அட்டை கிடையாது என்பது கம்பெனி விதி. சுரேந்தருக்கு வருகிற ஆவணியில் முப்பத்தைந்து முடிகிறது. ஆகவே ஆடியில் ஒட்டப்போகும் நீல அட்டைப் பட்டியல்தான் அவனுக்குக் கடைசிப் பட்டியல். அவன் மனைவி ராஜாத்தி ஆடி எப்போது பிறக்கும் என்று காலண்டரைப் பார்த்தபடிதான் தினமும் சோறு கட்டிக் கொடுத்தாள்.

அவன் பின்னால் உட்கார்ந்து வருகிறவன் ராஜசேகர். அதே ஊர், அதே கம்பெனி, அதே மஞ்சள் அட்டை, ஒரு வயது இளையவன். ஆனால் ஊருக்குள் இரண்டு பேரும் ஒன்றல்ல. ராஜசேகர் வீட்டுக்கு மூன்று ஏக்கர் நிலமும் போர்வெல்லும் உண்டு. சுரேந்தரின் அப்பா முனிவேல் அந்த நிலத்தில் கூலிக்குத் தக்காளி பறித்தவர். ஊருக்குள் அவனைச் ‘சுரேந்தரு’ என்று கூப்பிடும் ராஜசேகர், வண்டி பஸ் ஸ்டாப்பைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் ‘மச்சான்’ என்பான். இந்த ஒரு வார்த்தையில் சுரேந்தர் மயங்கிக் கிடந்தான் என்பதை மறைப்பானேன். தினமும் போக வர அவனை ஏற்றிக்கொண்டு போக அதுவே அவனுக்குப் போதுமாக இருந்தது.

ராஜசேகரிடமும் பைக் இருந்ததுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டிப்பர் லாரி ஒதுக்கித் தள்ளியதில், அதன் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி விழுந்து எழுந்தான். உடம்பில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் அதற்கப்புறம் ஹேண்டில்பாரைப் பிடித்தாலே கை நடுங்கியது. “கொஞ்ச நாளைக்கு உன்கூட வரன் மச்சான்” என்றான். அந்தக் கொஞ்ச நாள்தான் இரண்டு வருஷம்.

அவன் வந்த இரண்டாம் மாதம் ஒரு பிக்கப் வண்டி உரசிக்கொண்டு போனதில் சுரேந்தரின் வலது பக்கக் கண்ணாடி தண்டோடு முறிந்தது. இடது பக்கக் கண்ணாடி அதற்கு முன்பே இல்லை. சாயங்காலமே புதிது மாட்டிவிடலாம் என்று கடைக்கு வண்டியைத் திருப்பியபோது ராஜசேகர்தான் தடுத்தான்.

“கண்ணாடி எதுக்கு மச்சான்? நான் பின்னால சும்மாதான குந்திக்கினு வரன். எனக்கு ரெண்டு கண்ணு இருக்குதில்ல.”

அன்றைக்கு இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். வலது பக்கமாக வண்டி ஏறி வந்தால் வலது தோளில் ஒரு தட்டு. இடது பக்கம் வந்தால் இடது தோளில். முதுகு நடுவில் இரண்டு தட்டு விழுந்தால் பின்னால் யாருமில்லை, தாண்டிக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் சுரேந்தருக்கு இது பழகிப்போயிற்று. தோளில் கை படும், வண்டி ஒதுங்கும். நடுவில் அவன் யோசிப்பதுகூட இல்லை. இந்த இரண்டு வருஷத்தில் எத்தனையோ தடவை அந்தத் தட்டு அவன் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அதில் பொய் ஒன்றும் இல்லை.

கம்பெனிக்குள் இன்னொரு வழக்கம் இருந்தது. ‘நியர் மிஸ்’ கார்டு. நடக்கப் பார்த்து, நடக்காமல் தப்பிய விபத்தை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். எண்ணெய் சிந்தியிருந்தது, வழுக்கி விழப் பார்த்தேன். ஒயர் தொங்கியது, தடுக்கி விழப் பார்த்தேன். இப்படி ஆளுக்கு மாதம் இரண்டு கட்டாயம். இரண்டாயிரம் பேர் பல வருஷமாக எழுதி எழுதி, விழப் பார்க்க இடமே மிச்சமில்லாமல் போய்விட்டது. சுரேந்தர் மாதாமாதம் அதே எண்ணெயைத்தான் சிந்திக்கொண்டிருந்தான். போன வருஷம் வேலைக்கு வரும் வழியில் ஒருவருக்குக் கால் போனதும், வீட்டு வாசலிலிருந்து கேட் வரைக்கும் நடப்பதையும் எழுதலாம் என்று அறிவித்தார்கள். ஓட்டினவர் யார் என்று எழுத வேண்டியதில்லை. இடம், நேரம், வண்டி நம்பர் போதும்.

சித்திரையில் ராஜசேகருக்கு ‘சிறந்த பாதுகாப்புப் பார்வையாளர்’ என்று பரிசு கிடைத்தது. எல்லோரையும் நிற்கவைத்துக் கை தட்டச் சொன்னார்கள். சுரேந்தர் மற்றவர்களைவிடச் சத்தமாகத் தட்டினான். பரிசு ஒரு ஹாட்பாக்ஸ். மூடியில் ‘பாதுகாப்பே முதல்’ என்று அச்சடித்திருந்தது. வரும் வழியிலேயே ராஜசேகர் அதை அவன் கையில் திணித்தான். “எங்க வூட்ல இது மாதிரி நாலு இருக்குது. உன் சோறு மத்தியானம் சில்லுனு ஆயிப்போவுது, வச்சிக்க” என்றான். ராஜாத்தி அன்றிலிருந்து அதில்தான் சோறு கட்டினாள்.

வைகாசியில் ஒருநாள் கிளம்பத் தாமதமாகிவிட்டது. மூக்கண்டப்பள்ளி போய்ச் சேரும்போது எட்டு இருபத்தைந்து. எட்டரைக்கு மேல் கேட்டில் நுழைந்தால் அரை நாள் போய்விடும். முன்னால் வண்டிகள் அசையாமல் நின்றன.

“சர்வீஸ் ரோட்ல எதிர்ப்பக்கம் ஏத்து மச்சான்” என்றான் ராஜசேகர்.

“வேணாண்டா. பஸ் எல்லாம் அதுலதான் வருது.”

“எல்லாரும் போறாங்க பாரு. நான் பாத்துக்கறன், ஏத்து.”

ஏற்றினான். ஐம்பது அடி போவதற்குள் ஒரு கம்பெனி பஸ் திருப்பத்தில் வந்து நின்றது. நின்றது என்று சொல்வது மரியாதைக்கு. அது நிற்கவே இல்லை. சுரேந்தர் வண்டியைச் சாக்கடை விளிம்பில் ஒடித்தான். பஸ்ஸின் தகரம் அவன் சட்டைக் கையை உரசிக்கொண்டு போயிற்று. “நோட்கொண்டு ஹோகய்யா” என்று கன்னடத்தில் பார்த்துப் போகச் சொல்லிவிட்டு டிரைவர் போய்விட்டான்.  ராஜசேகருக்கு உதடு காய்ந்துவிட்டது. “உன் கை சாமி கை மச்சான். வேற எவனாச்சும் ஓட்டியிருந்தா நம்ம கத முடிஞ்சிது” என்றான். அரை நாள் போனது போனதுதான்.

ஆடி பிறந்தது. பட்டியல் ஒட்டினார்கள். இருபத்தொரு பேர். ராஜசேகரின் பெயர் ஒன்பதாவது. சுரேந்தர் மேலிருந்து கீழாக ஒரு தடவையும் கீழிருந்து மேலாக ஒரு தடவையும் பார்த்தான். ஏழு வருஷத்தில் ஒரு நாள் மட்டம் போட்டதில்லை. அவன் மெஷினில் கழிவு குறைவு என்று சூப்பர்வைசரே சொல்லியிருக்கிறார். மத்தியானம் சாப்பிடாமல் மனிதவளப் பிரிவில் போய் நின்றான். அங்கே சரிதா மேடம் நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார்.

“வேலையில உங்க மேல ஒரு குறையும் இல்ல சுரேந்தர். பாதுகாப்பு மார்க்லதான் போயிடுச்சு.”

“மெஷின்ல நான் ஒரு விரல்கூட கீறிக்கிட்டதில்ல மேடம்.”

“மெஷின்ல இல்லைங்க. ரோட்ல.”

அவர் ஒரு கோப்பைத் திறந்து அவன் பக்கம் திருப்பினார். பதினாலு கார்டுகள். பதினாலிலும் ஒரே கோணல் எழுத்து. மாதாமாதம் சம்பளப் பதிவில் தன் பெயருக்குக் கீழே சுரேந்தர் பார்த்து வந்த ராஜசேகரின் எழுத்து. தேதி, இடம், நேரம் எல்லாம் சரியாக இருந்தன. உத்தனப்பள்ளி வளைவில் லாரி. ஹட்கோ பக்கத்தில் ஆட்டோ. மழை நாளில் வழுக்கியது. ஒவ்வொன்றுக்கும் கீழே அவன் வண்டி நம்பர், 4417. அந்த நம்பரைக் கம்ப்யூட்டர் வண்டி நிறுத்துமிடப் பதிவோடு சேர்த்து யாருடையது என்று கண்டுபிடித்துக்கொண்டதாம். கடைசிக் கார்டு வைகாசி மாதத்தியது. ‘ஓட்டுநர் எதிர்த்திசையில் வண்டியை ஏற்றினார். வண்டியில் கண்ணாடி இல்லை. பலமுறை சொல்லியும் கேட்கவில்லை.’

சுரேந்தர் அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தான்.  பின்னால் உட்கார்ந்திருந்தவன் ரோட்டை மட்டும் பார்க்கவில்லை. இவனையும் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான். தோளில் தட்டின கை அன்று மத்தியானமே பேனாவை எடுத்திருக்கிறது. லாரிக்காரன் மோதப் பார்த்தான், பஸ்காரன் தேய்க்கப் பார்த்தான், அவர்கள் யாரும் இவனை மச்சான் என்று கூப்பிட்டதில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? கார்டில் எழுதியது பெரும்பாலும் நிஜம் வேறு.

“அடுத்த வருஷம் பாக்கலாங்களா மேடம்?” என்று கேட்டான், பதில் தெரிந்தே.

மேடம் அவன் பிறந்த தேதியைப் பார்த்தார். கோப்பை மூடினார்.

ஐந்தரைக்கு வண்டி நிறுத்துமிடத்தில் ராஜசேகர் வழக்கம்போல ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு 4417 பக்கத்தில் நின்றிருந்தான்.

“மேடத்தப் பாத்தியாமே. என்ன சொன்னாங்க மச்சான்?”

“பதினாலு கார்டு காட்டுனாங்க.”

ராஜசேகர் ஹெல்மெட்டின் பட்டையை மாட்டினான், கழற்றினான். “உன் பேர நான் எழுதவே இல்லடா. எதுலயும் எழுதல. வண்டி நம்பருதான் எழுதனன்.”

“வண்டி யாருது?”

“மாசம் ரெண்டு கேக்கறாங்க. உள்ள எழுத என்னா இருக்குது, சொல்லு. இது இவ்ளோ தூரம் போவும்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

“பல தடவ சொல்லியும் கேக்கலன்னு எழுதியிருக்க. எப்ப சொன்ன?”

ராஜசேகர் சுற்றுமுற்றும் பார்த்தான். குரல் தாழ்ந்தது. “அப்பிடி எழுதனாத்தான்டா மார்க்கு தருவாங்க.”

சுரேந்தர் அவனை அடித்திருக்கலாம். அடிக்கத் தோன்றியது என்பதும் உண்மை. இரண்டு வருஷப் பழக்கம், வாயில் வந்தது “ஏறு” என்ற ஒரே சொல்தான். இவனை விட்டுவிட்டுத் தனியாக வீட்டுக்குப் போவது எப்படி என்றே அவனுக்குத் தெரியவில்லை. ராஜசேகர் மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். ஹட்கோ தாண்டும் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தான். யூனியன்காரர்களிடம் சொல்லிப் பார்க்கலாமாம். வேறு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம். 

ஓசூர் வீடுகள் முடிந்து ரோடு குறுகுகிற இடத்தில், முன்னால் காலி தக்காளிப் பெட்டிகளை அடுக்கிய ஒரு பிக்கப் போய்க்கொண்டிருந்தது. அதைத் தாண்டலாம் என்று சுரேந்தர் வலது பக்கம் ஒதுங்கினான். வலது தோளில் தட்டு விழுந்தது. எப்போதும் போல ஒரே தட்டு.

நேற்று வரைக்கும் அந்தத் தட்டுக்கு வண்டி தானாக இடது பக்கம் போயிருக்கும். இன்றைக்குக் கை கேட்கவில்லை. நிஜமாகவே லாரி வருகிறதா, இல்லை இதுவும் ஒரு கார்டுக்கா என்று ஒரு நினைப்பு ஓடியது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சுரேந்தர் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். ஜல்லி லாரி வந்துகொண்டுதான் இருந்தது. அவன் பார்த்து முடிப்பதற்குள் முன்னால் போன பிக்கப் பிரேக் போட்டது. வண்டியை இடது பக்கம் சாய்த்து இரண்டு பிரேக்கையும் அழுத்தினான். ஒரு பெட்டி அவன் ஹெல்மெட்டில் இடித்தது. வண்டி ரோட்டை விட்டு இறங்கி, மழைச் சேற்றில் நீளமாகக் கோடு இழுத்துக்கொண்டு போய்ச் சாய்ந்தது. லாரி ஹாரன் அடித்தபடி தாண்டிப் போயிற்று. பிக்கப் எதுவும் நடக்காதது போல நகர்ந்தது.

இரண்டு பேருக்கும் காயமில்லை. ராஜசேகர் சேற்றிலிருந்து எழுந்து நின்றான். 

“தட்டனன்ல? லாரி வருதுன்னு தட்டனன்ல மச்சான். எதுக்குத் திரும்பிப் பாத்த?”

“நம்பல” என்றான் சுரேந்தர்.

வண்டியைத் தூக்கி நிறுத்தினான். பக்கப் பையிலிருந்து ஹாட்பாக்ஸை எடுத்தான். மத்தியானச் சோறு திறக்காமல் அப்படியே இருந்தது. அதைக் கிளறிப் புல்லில் கொட்டிவிட்டு, மூடியைத் திருகி மூடி, ராஜசேகரின் கையில் வைத்தான். ராஜசேகர் அதைப் பிடித்துக்கொண்டே பின்சீட்டைத் தாண்டக் காலைத் தூக்கினான்.

“ஏறாத” என்றான் சுரேந்தர். “இன்னைக்கு நடந்ததையும் எழுதிக்க. இடம் தெரியும். நேரம் ஆறு பத்து. நம்பரு உனக்கு மனப்பாடம்.”

“இங்க வுட்டுட்டுப் போனா நான் எப்பிடிடா வருவன்?”

சுரேந்தர் வண்டியைக் கிளப்பினான். கழுத்தைத் திருப்பித் தானே பின்னால் பார்த்தான். ஒரு பஸ், ஒரு கார், இன்னொரு லாரி. அவை போகும் வரைக்கும் காத்திருந்து, இன்னொரு தடவை பார்த்துவிட்டு ரோட்டில் ஏறினான்.

“சுரேந்தரு” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “ஏ, சுரேந்தரு.”

ரோட்டில் வைத்து அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.