கோல்கீப்பரின் விதி ரேகை

கஸ்தூரிரங்கனை எனக்கு எப்போதுமே பிடிக்காது. மல்லேஸ்வரத்தில் பெரிய வீடு, மில்லில் ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரி உத்தியோகம், சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு பூதக்கண்ணாடி. மில் ஃபுட்பால் டீமுக்கு ஆள் எடுப்பதென்றால் பந்தைக் கொடுத்து உதைக்கச் சொல்ல மாட்டார்; முதலில் கையை நீட்டச் சொல்வார். ரேகை சரியில்லை என்றால் எத்தனை நல்ல ஆட்டக்காரனும் வந்த வழியே போக வேண்டியதுதான்.

அந்த மனிதர் முன்னால்தான் என் புருஷன் சின்னப்பா கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் பெங்களூரில் அந்தக் கைகளைத் தெரியாதவர் கிடையாது. வெள்ளைக்காரப் பட்டாளத்து டீம் பூட்ஸ் காலால் உதைத்த பந்தையெல்லாம் வெறுங்காலோடு நின்று பிடித்த கோல்கீப்பர். அல்சூர் ஏரிக்கரை முழுக்க அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். சுதந்திரம் வந்தது, பட்டாளம் போனது, ஊர் அவரையும் மறந்தது. இப்போது என் அண்ணன் வீட்டுப் பின்கட்டில், அண்ணியின் வாய்க்குப் பயந்து காலம் தள்ளுகிறோம். மில் டீமுக்குக் கோச் தேடுகிறார்கள்; இந்த வேலை கிடைத்தால் மில் குவார்ட்டர்ஸும் கிடைக்கும். கைரேகை பார்க்கப் போனது தெரிந்தால் எங்கள் சர்ச் பங்குச் சாமியார் தோலை உரித்துவிடுவார். இருந்தும் நான் கூட வந்ததற்கு அந்தக் குவார்ட்டர்ஸ்தான் காரணம்.

கஸ்தூரிரங்கன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பது போல இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விதி ரேகை நடுவுல வெட்டுப்பட்டிருக்கே சின்னப்பா. இருபத்தெட்டு வயசோட யோகம் அறுந்துடுத்து. இந்தக் கை தொட்ட டீம் உருப்படாது. நான் சொல்லலை, பகவான் எழுதியிருக்கார்."

"சரிங்க சார்" என்றார் இவர். ஒரே டீமில் ஆடியபோது "டேய் ரங்கா" என்று கூப்பிட்ட அதே வாய்.

என்னால் பொறுக்க முடியவில்லை.

"சொல்ப நில்லுங்க சார், கொஞ்சம் பொறுங்க. அது ரேகை இல்ல, தையல் போட்ட தழும்பு. பட்டாளத்து டீமோட ஃபைனல்ல பூட்ஸ் ஆணி கிழிச்சது. நான் வேலிக்குப் பின்னாடி நின்னு பாத்தேன். அன்னிக்கு கோலுக்கு முன்னாடி பேக் ஆடுனது நீங்கதான். அந்த சோல்ஜர் ஓடியாந்தப்போ பயந்துக்கினு ஒதுங்கிட்டீங்க. இவரு பாய்ஞ்சு பந்து மேல கைய வெச்சாரு. கப்பு வந்துச்சு. அதக் காட்டித்தான் உங்களுக்கு மில்லுல வேலையே வந்துச்சு. பகவான் எழுதினாராமே!"

கஸ்தூரிரங்கன் முகம் செத்துப்போயிற்று. "பொம்மனாட்டியப் பேசவிட்டு வேடிக்கை பாக்கறியா?" என்று இவர் மேல் பாய்ந்தார்.

"அவ பொய் சொல்லல சார்."

கஸ்தூரிரங்கன் பூதக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"திங்கட்கிழமை கிரவுண்டுக்கு வந்து தொலை. டீம் தோத்தா நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்."

பஸ் ஸ்டாப் வரை அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தேன். மனதுக்குள் குவார்ட்டர்ஸில் அடுப்பு மூட்டியாயிற்று.

"திங்கக்கெழம அந்த நீலச் சட்டையப் போட்டுக்குங்க" என்றேன்.

"நான் போகல பிரிஜெட்."

"இன்னாது?"

"அந்தக் கப்புக்கு அப்புறம் நான் தொட்டது எது வெளங்குச்சு, சொல்லு. கொழந்தைய மொதல்ல கையில வாங்குனது நான்தான்."

பிறந்த அன்றே போய்விட்ட எங்கள் பிள்ளையைச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கஸ்தூரிரங்கன் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் அப்படியே இவர் மேல் திரும்பியது.

பஸ் வந்தது. முதலில் ஏறியவர் என்னைத் தூக்கிவிட வலது கையை நீட்டினார். சட்டென்று அதை இழுத்துக்கொண்டு இடது கையை நீட்டினார். நான் அதைத் தட்டிவிட்டேன்.

"அந்தக் கையக் குடுங்க" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அவர் கொடுக்கவில்லை.